ஈத்தாக்சைடு தீர்ந்துபோன வெள்ளிக்கிழமை

டப்பாவைத் தட்டிப் பார்த்தேன்.
அடியில் ஒரு கரண்டித் தூள்,
அதுவும் மஞ்சளேறிக் கட்டிதட்டியிருந்தது.
யாரோ மூடியைச் சரியாகத் திருகவில்லை.
துவாஸில் டிசம்பர்.
திறந்துகிடக்கும் எதையும் காற்று நக்கிவிடுகிறது.

"மெத்தாக்சைடு மூன்று டப்பா இருக்கிறதே,"
என்றார் சியூ லிங், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"எல்லாம் ஒரே சோடியம்தானே?"

சோடியம் ஒன்றுதான்.
அது யார் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதுதான் பேச்சு.
குடுவையில் இருப்பது ஈத்தைல் எஸ்டர்.
மெத்தாக்சைடைக் கொடுத்தால்
ஹைட்ரஜனைப் பிடுங்கப் போன இடத்தில்
கார்பனைல் வாசலேறி,
ஈத்தாக்சியைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.
ஈத்தாக்சைடும் யோக்கியமில்லை, அதையேதான் செய்யும்;
ஆனால் போனதும் ஈத்தாக்சி, வந்ததும் ஈத்தாக்சி.
திருட்டு நடந்த வீட்டில்
ஒரு பொருளும் குறைந்திருக்காது.

போன மார்ச்சில் ஃபைரூஸ் அவசரத்துக்கு மாற்றிப் போட்டான்.
வரைபடத்தில் இரண்டு முகடு, ஒட்டகம் மாதிரி.
பிரித்தெடுக்க ஒரு வாரம்
சிலிக்காத் தூளைச் சுவாசித்தோம்.

மேல்தட்டில் மூன்றாம்நிலை பியூட்டாக்சைடு,
பொட்டாசியத்தோடு.
மூன்று மெத்தைலைத் தோளில் சுமக்கும் பருமன்.
வாசலில் நுழைய உடம்பு விடாது;
ஓரத்து ஹைட்ரஜனை எட்டிப் பறிக்கும், அவ்வளவுதான்.
எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
இந்த எஸ்டருக்கு அத்தனை முரடு வேண்டாம்.
இதன் ஆல்ஃபா கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்:
ஒன்று தொடங்கிவைக்க.
மற்றது, எல்லாம் சேர்ந்தபின்
இரு கார்பனைலுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்.
அதையும் காரம் எடுத்துக்கொண்டால்தான்
வினை திரும்பிப் பார்க்காமல் போகும்.
ஆகவே சிட்டிகை போதாது,
மோலுக்கு மோல் அளக்கவேண்டும்.
ஒற்றை ஹைட்ரஜன் உள்ளவற்றின் பாடு வேறு.
சேரும், பிரியும், சேரும்.
முரடு அவற்றுக்கு.

மதியம் ஜூ கூன் உணவங்காடி.
மீ கோரெங் கடைக்காரர் கேட்டார்:
"காரம் கூடவா, குறைச்சலா?"
எந்தக் காரம் என்று கேட்க வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.
பன்னிரண்டாம் வகுப்புவரை வேதியியலைத்
தமிழில் படித்தவளுக்கு மட்டும் வரும் சிரிப்பு.
ஆய்வகத்தில் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

நானே செய்வது என்று திரும்பினேன்.
அடுப்பில் காய்ந்த குடுவை. ஆர்கான்.
இரண்டு நாள் சல்லடை மணிகளில் கிடந்த எத்தனால்.
எண்ணெயிலிருந்து எடுத்துச் சோடியத்தை அறுத்தால்
ஒரு கணம் வெள்ளி,
அடுத்த கணம் சாம்பல்.
துண்டு துண்டாய்ப் போட்டேன்.
சீறிற்று, கரைந்தது,
ஹைட்ரஜன் குமிழ்குமிழாய் வெளியேறிற்று.

மனிதருக்கு நெஞ்சில் ஈரம் வேண்டும் என்பார்கள்.
இங்கே ஒரு சொட்டு நுழைந்தால்
ஈத்தாக்சைடு ஹைட்ராக்சைடு ஆகும்,
ஹைட்ராக்சைடு எஸ்டரைச் சோப்பாக்கும்,
சோப்பு ஆனது ஆனதுதான்.
வெளியே மழை, ஜன்னல் வேர்க்கிறது,
ஈரமில்லாதவளாக ரப்பர் மூடியை அழுத்திக்கொண்டு
நாற்பது நிமிடம் நின்றேன்.

ஏழு மணிக்குக் குடுவையில் தேன்மஞ்சள்.
நல்ல மஞ்சளா கெட்ட மஞ்சளா
என்று திங்கட்கிழமை, ஐஸில் அமிலம் ஊற்றும்போது தெரியும்.
சியூ லிங் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. மெத்தாக்சைடு டப்பாக்களைத்
தானே உள்ளே தள்ளிவைத்தார்.

மிச்சக் கரைசலைப் புட்டியில் அடைத்துத்
தேதி போட்டேன்.
கீழே, பெரிய எழுத்தில், தமிழில்: மூடு.
யாருக்கும் புரியாது.
ஃபைரூஸ் கையிலெடுத்து, வளைவுகளைப் பார்த்து,
இதென்ன என்று கேட்பான்.
கேட்கும்வரையாவது
திறக்காமல் இருப்பான்.